பார்க்கக் கிடைக்காத படங்களின் வரலாறு: ஜப்பானிய சினிமா ஆய்வாளரின் தொழில்

1927ஆம் ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படங்களுக்காக 'கினெமா ஜும்போ' பத்திரிகை நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது, டைசுகே இட்டோ இயக்கிய 'சூஜியின் பயண நாட்குறிப்பு' என்ற மூன்று பாகப் படத்தின் இரண்டாம் பாகம். பிறகு அந்தப் படம் காணாமல் போயிற்று. 1991ல் ஹிரோஷிமாவில் அதன் சில பகுதிகள் கிடைக்கும்வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானிய சினிமா வரலாறு எழுதிய எவரும் அதைத் தவிர்க்கவில்லை. அவர்களில் இளையவர்கள் எவரும் அதைப் பார்த்ததும் இல்லை. பழைய விமர்சனங்கள், அச்சான திரைக்கதை, சில ஸ்டில்கள், முதியவர்களின் ஞாபகம். இவற்றை வைத்துத்தான் எழுதினார்கள். ஜப்பானிய சினிமாவின் வரலாற்றாசிரியர் என்ற தொழில் என்ன என்று கேட்டால் இந்தப் படத்தின் கதையையே சொல்லலாம்.

1920களில் எடுக்கப்பட்ட ஜப்பானியப் படங்களில் இன்று இருப்பது நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. காரணம் ஒன்றல்ல. அன்றைய படச்சுருள் நைட்ரேட். எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது, பற்றாவிட்டாலும் நாளடைவில் பிசுபிசுத்துப் பொடியாகும். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்தபோது அதுவரை சேர்ந்திருந்ததில் பெரும்பகுதி போயிற்று. 1945ன் விமானத் தாக்குதல்களில் இன்னொரு பகுதி. அதே ஆண்டு நவம்பரில், போரில் தோற்ற ஜப்பானை ஆண்ட அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் 236 படங்களை ராணுவவாதம், நிலப்பிரபுத்துவம் என்று சொல்லித் தடைசெய்ய, ஏராளமான பிரதிகள் கொளுத்தப்பட்டன. ஆனால் இவை எல்லாவற்றையும்விட அமைதியாக வேலை செய்த காரணம் வேறு: ஓடி முடித்த படத்துக்கு மதிப்பில்லை என்று கம்பெனிகளே நினைத்தன. ஒரு படத்துக்குப் போட்ட பிரதிகளே குறைவு. அவையும் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்தன. கென்ஜி மிசோகுச்சி இயக்கியது ஏறக்குறைய 90 படங்கள், மிஞ்சியது முப்பது சொச்சம். 1923ல் இயக்கத் தொடங்கியவரின் படங்களில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழையது 1925ஆம் ஆண்டுப் படம். யசுஜிரோ ஓசுவின் முதல் படம் இல்லவே இல்லை.

இப்படிப்பட்ட துறையில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் என்ன செய்ய முடியும்? டோனல்ட் ரிச்சியின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்ல வழி. அவருடைய பலமும் குறையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

ரிச்சி 1924ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லிமா என்ற ஊரில் பிறந்தார். 1947 புத்தாண்டை ஒட்டி ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தட்டச்சராக ஜப்பான் வந்து இறங்கினார். சீக்கிரமே படையினருக்கான செய்தித்தாளில் எழுதத் தொடங்கினார். ஜப்பானியர்களின் திரையரங்குகளுக்குள் ஆக்கிரமிப்புப் பணியாளர்கள் போகக் கூடாது என்பது அன்றைய விதி. அதை மீறிப் போய் உட்கார்ந்து படம் பார்த்தார். மொழி தெரியாது, சப்டைட்டில் கிடையாது. ஆகவே பார்த்தது முழுக்கப் பிம்பத்தை: கேமரா எங்கே நிற்கிறது, ஷாட் எவ்வளவு நேரம் நீள்கிறது, ஆள் போன பிறகும் காலி அறையை ஏன் காட்டுகிறார்கள். அவருடைய கண் பயின்றது அங்கேதான். 1948ல் இசையமைப்பாளர் ஃபுமியோ ஹயாசாகா அவரை ஒரு படப்பிடிப்புக்கு அழைத்துப் போனார்; இயக்கிக்கொண்டிருந்தவர் அகிரா குரோசாவா.

1949ல் நியூயார்க் திரும்பி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1953ல் பட்டம் பெற்று, 1954ல் மறுபடி டோக்கியோ வந்து 'ஜப்பான் டைம்ஸ்' நாளிதழின் திரை விமர்சகரானார். அது பொருத்தமான நேரம். 1951ல் குரோசாவாவின் 'ராஷோமோன்' வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றிருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் வெனிஸிலும் கேன்ஸிலும் ஜப்பானியப் படங்களுக்கு மேலும் மேலும் பரிசுகள். உலகம் திடீரென்று விளக்கம் கேட்டது. விளக்கம் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு நூலும் இல்லை. ஜோசப் ஆண்டர்சனுடன் சேர்ந்து 1959ல் ரிச்சி வெளியிட்ட வரலாறு அந்த இடத்தை நிரப்பியது. கலையை மட்டும் பேசாமல் ஸ்டூடியோ, விநியோகம், தியேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசிய நூல் அது. குரோசாவாவே முன்னுரை எழுதினார். 1965ல் குரோசாவா பற்றி, 1974ல் ஓசு பற்றித் தனி நூல்கள். 1969 முதல் 1972 வரை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவுக்குப் பொறுப்பாளர். 2001ல் வரலாற்றை மறுபடி முதலிலிருந்து எழுதினார். 2013ல் டோக்கியோவில் காலமானார்.

நூல்களுக்கு இணையாகப் பேச வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓசுவின் படங்கள் வெளிநாட்டாருக்குப் புரியாது, 'மிகவும் ஜப்பானியமானவை' என்று தயாரித்த கம்பெனியே வெளியே அனுப்பத் தயங்கியது. 1963 பெர்லின் விழாவில் ஓசு படங்களின் தொகுப்பைத் திரையிட ஏற்பாடு செய்தவர் ரிச்சி. அதே ஆண்டு டிசம்பரில், தன் அறுபதாவது பிறந்தநாளன்று, ஓசு இறந்தார். 1953ல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' அமெரிக்கத் தியேட்டர்களில் முறையாக வெளியானது 1972ல். எந்தப் படம் பெட்டியில் ஏறி விமானத்தில் போகும், எந்தப் படத்துக்கு யார் சப்டைட்டில் எழுதுவார் என்பதை முடிவு செய்தவர்களே அந்தக் காலத்தில் வரலாற்றையும் முடிவு செய்தார்கள். ரிச்சி சப்டைட்டிலும் எழுதினார். குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' படத்துக்கு அவர் எழுதியது இன்றும் கிடைக்கிறது.

இனி குறைக்கு வருவோம். ரிச்சி ஜப்பானிய மொழியைச் சரளமாகப் பேசினார். சரளமாகப் படிக்க அவருக்கு வரவில்லை. இதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் விளைவு இருந்தது. ஓசுவை அவர் ஜப்பானிய இயக்குநர்களிலேயே மிகவும் ஜப்பானியமானவர் என்று அறிமுகப்படுத்தினார். அது ஓசுவின் கடைசிக் காலப் படங்களைப் பார்த்தவரின் கூற்று. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் ஓசு எடுத்த மௌனப் படங்களில் அறைச் சுவரெல்லாம் அமெரிக்கப் பட போஸ்டர்கள். நகைச்சுவைத் துணுக்குகள் நேரே ஹாலிவுட்டிலிருந்து எடுத்தவை. அந்தப் படங்களை 1950களில் பார்ப்பது கடினம்; அந்தக் காலப் பத்திரிகைகளையோ படிக்கத் தெரிந்தவர்தான் படிக்க முடியும். 1983ல் ஷிகேஹிகோ ஹசுமி ஜப்பானிய மொழியிலும், 1988ல் டேவிட் போர்ட்வெல் ஆங்கிலத்திலும் எழுதிய ஓசு நூல்கள் இந்த 'ஜப்பானியத்தன்மை' விளக்கத்தை ஏற்க மறுத்தன. ரிச்சி சொன்னதெல்லாம் தவறு என்று இதற்குப் பொருளல்ல. அவருக்குப் பார்க்கக் கிடைத்தது எதுவோ, அதன் எல்லைவரை அவர் சரி.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. தெய்னோசுகே கினுகாசாவின் 'எ பேஜ் ஆஃப் மேட்னஸ்' 1926ல் வந்தது, தொலைந்தது, 1971ல் இயக்குநரின் சொந்தக் கிடங்கிலேயே அகப்பட்டது. புதிய இசை சேர்த்து 1975ல் வெளியிட்டார்கள். காட்சிகளுக்கு நடுவே வசனத்தைக் காட்டும் இடையெழுத்து அட்டை ஒன்றுகூட இல்லை, மனநல விடுதி, சிதறும் பிம்பங்கள். வார்த்தையே தேவைப்படாத தூய காட்சிப் படம் என்று உலகம் வியந்தது. 2008ல் ஆரன் ஜெரோ என்ற ஆய்வாளர் அந்தக் காலச் செய்தித்தாள்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் விமர்சனங்களையும் அடுக்கிப் பார்த்தார். படம் வெளியானபோது டோக்கியோவில் முசெய் தோகுகாவா என்ற புகழ்பெற்ற பென்ஷி திரையருகே நின்று கதையை விளக்கியிருக்கிறார். கிடைத்த பிரதி 1926ல் ஓடியதைவிடக் கணிசமாகக் குறுகியது. நாம் வியந்த மௌனம், பென்ஷி எழுந்து போய்விட்டதால் வந்த மௌனம்.

பென்ஷி இல்லாமல் ஜப்பானிய மௌனப் படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத முடியாது. திரைக்கு அருகில் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, கதை சொல்லி, சில நேரம் படத்தையே தன் இஷ்டத்துக்கு வளைத்தவர்கள் இவர்கள். நடிகர்களைப் போலவே இவர்களுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். 1931லேயே முழுநீளப் பேசும் படம் வந்துவிட்டாலும் 1930களின் நடுப்பகுதிவரை அங்கே மௌனப் படங்கள் எடுக்கப்பட்டதற்கு இவர்களின் செல்வாக்கும் வேலைநிறுத்தங்களும் ஒரு காரணம். குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. தொழில் சரிந்த 1933ல் தற்கொலை செய்துகொண்டார். கையில் இருக்கும் பிரதி மட்டுமே அந்தப் படம் ஆகாது. பாதி படம் காற்றில் போய்விட்டது என்ற நினைப்போடுதான் ஆய்வாளர் மௌனப் படத்தின் முன் உட்கார வேண்டும்.

ஒரு படத்தைப் பற்றிய குறிப்பை உருவாக்குவதில் உள்ள படிகளைப் பார்க்கலாம். முதல் சிக்கல் தலைப்பு. ஜப்பானிய நூலகப் பட்டியல்கள் உச்சரிப்பு வரிசையில் அமைந்தவை. எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகித்தால் தவறிவிடும். மிசோகுச்சியின் 1936ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டும் பாடப்புத்தக எடுத்துக்காட்டுகள். 'கியோன் சகோதரிகள்' தலைப்பில் உள்ள எழுத்துகளை யாரும் 'ஷிமாய்' என்றுதான் படிப்பார்கள். படத்தின் பெயரோ 'கியோன் நோ கியோதாய்'. ஒசாகாவைக் களமாகக் கொண்ட மற்றொன்றில் 'சோகப் பாட்டு' என்று பொருள்படும் எழுத்துகளை 'ஹிக்கா' என்று படிப்பது வழக்கம். படத்தில் அதை 'எரெஜி' என்று, அதாவது எலிஜி என்ற ஆங்கிலச் சொல்லாகவே, படிக்க வேண்டும். ஆட்களின் பெயர்களில் இது இன்னும் மோசம். ஒரே எழுத்துக்கு நான்கைந்து உச்சரிப்பு உண்டு. ஒளிப்பதிவாளர் ஒருவரின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டு இரண்டு ஆட்களாகிவிடுவது எளிதில் நடக்கும்.

அடுத்தது தேதி. பழைய ஆவணங்கள் பேரரசர் ஆண்டில், அதாவது ஒவ்வொரு பேரரசரின் ஆட்சிக்கும் ஒன்றிலிருந்து எண்ணும் ஆண்டில், இருக்கும். மெய்ஜி ஆண்டோடு 1867, தைஷோவோடு 1911, ஷோவாவோடு 1925 கூட்ட வேண்டும். ஷோவா 1 என்பது 1926 டிசம்பர் 25 முதல் 31 வரை ஏழே நாள். ஒரு படத்துக்கு 'ஷோவா 1' என்று எங்காவது கண்டால் உடனே சந்தேகப்பட வேண்டும், பெரும்பாலும் அது தைஷோ 15தான். எடுத்த ஆண்டையும் வெளியான ஆண்டையும் பிரித்துக் குறிக்க வேண்டும். குரோசாவா 1945ல் எடுத்து முடித்த 'தி மென் ஹூ ட்ரெட் ஆன் தி டைகர்ஸ் டெய்ல்' மக்களிடம் வந்தது 1952ல். அதன் தாக்கத்தை 1946ன் படங்களில் தேடினால் வீண்.

மூன்றாவது நீளம். இங்கேதான் புதியவர்கள் மிகுதியாகச் சறுக்குகிறார்கள். பழைய ஆவணங்கள் நிமிடத்தைச் சொல்லாது. ரீல் எண்ணிக்கையையும் மீட்டரையும் சொல்லும். 35 மி.மீ. சுருளில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 27.4 மீட்டர், 18 என்றால் 20.6, 16 என்றால் 18.3. ஆக 2,000 மீட்டர் மௌனப் படம் ஒன்று 73 நிமிடமாகவும் இருக்கலாம், 97 ஆகவும் இருக்கலாம், 109 ஆகவும் இருக்கலாம். பேசும் படத்துக்கு 24 நிலையானது. மௌனப் படத்துக்கு வேகத்தை ஆபரேட்டரும் பென்ஷியும் முடிவு செய்தார்கள். '97 நிமிடப் படம், இன்று 73 நிமிடம்தான் இருக்கிறது' என்று எழுதுமுன், வெட்டுப்பட்டதா வேகமாக ஓட்டப்பட்டதா என்று மீட்டர் கணக்கில் சரிபார்க்காவிட்டால் இல்லாத வெட்டைக் கண்டுபிடித்தவராவோம்.

மீட்டர் கணக்கு கிடைக்கும் இடம் தணிக்கைப் பதிவேடு. 1925 ஜூலையில் உள்துறை அமைச்சகம் நாடு முழுவதற்கும் ஒரே தணிக்கையைக் கொண்டுவந்தது. அது வெளியிட்ட தணிக்கை அறிக்கைகளில் தலைப்பு, ரீல்கள், மீட்டர், வெட்டிய பகுதி எல்லாம் வரிசையாக உள்ளன. சினிமாவை நெரிக்க எழுதப்பட்ட ஆவணம்தான் இன்று அதன் மிக நம்பகமான அளவுகோல். 'கினெமா ஜும்போ' 1919 முதல் வருவதால் கதைச்சுருக்கமும் நடிகர் பட்டியலும் அதில் கிடைக்கும். ஆனால் கதைச்சுருக்கம் பல நேரம் வெளியீட்டுக்கு முன் கம்பெனி கொடுத்தது, முடிந்த படத்தோடு ஒத்துப்போகாது. அச்சான திரைக்கதையும் அப்படியே.

பிறகு பிரதி. எந்தப் பிரதி என்று கேட்காமல் எந்த முடிவும் சொல்லக் கூடாது. குரோசாவாவின் முதல் படமான 'சான்ஷிரோ சுகாதா' 1943ல் வந்தபோது இருந்த நீளம் வேறு. 1944ல் அவரைக் கேட்காமலே வெட்டினார்கள், நீண்ட காலம் உலகம் பார்த்தது 79 நிமிடப் பிரதி. வெட்டியதில் சில பகுதிகள் பின்னால் ரஷ்யாவின் காஸ்ஃபில்மோஃபோண்ட் காப்பகத்தில் கிடைத்தன. போர் முடிவில் மஞ்சூரியாவில் சோவியத் படை கைப்பற்றிய ஜப்பானியப் படங்கள் அங்கேதான் போயிருந்தன. 'செவன் சாமுராய்' 207 நிமிடம். 1950களில் வெளிநாட்டு விமர்சகர்கள் பார்த்தது முக்கால் மணி நேரத்துக்கு மேல் குறைந்த வடிவம். 'தி இடியட்' 265 நிமிடமாக எடுக்கப்பட்டு 166 ஆகச் சுருங்கியது, வெட்டியது கிடைக்கவேயில்லை. 'டோக்கியோ ஸ்டோரி'யின் மூல நெகட்டிவ் லேப் தீயில் எரிந்துபோனது. நாம் காண்பதெல்லாம் அடுத்த தலைமுறைப் பிரதிகளிலிருந்து வந்தவை. அதன் சாம்பல் நிறச் சாயல்களைப் பற்றி நுணுக்கமாக எழுதுபவர் இதை மறக்கக் கூடாது.

ஸ்டில்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விளம்பர ஸ்டில்லை எடுப்பவர் தனிப் புகைப்படக்காரர். அவர் நின்ற இடம் சினிமா கேமரா நின்ற இடமல்ல. ஓசுவின் கேமரா தரையோடு தாழ்ந்து நிற்பதைப் பற்றி, உயரத்திலிருந்து எடுத்த ஸ்டில்லை அச்சிட்டு எழுதினால் கட்டுரையும் படமும் ஒன்றையொன்று மறுக்கும். போர்ட்வெல் படச்சுருளிலிருந்தே நேரடியாக எடுத்த ஃபிரேம்களை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததற்கு இதுவே காரணம். படம் தொலைந்து ஸ்டில் மட்டும் மிஞ்சியிருந்தால், அது படத்தின் காட்சியமைப்புக்குச் சான்றல்ல. உடைக்கும் செட்டுக்கும் நடிகர்களுக்கும் மட்டும் சான்று.

ஆவணங்கள் சிதறிக் கிடக்கின்றன. டோக்கியோ கியோபாஷியில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகம் முதன்மையானது. 1952ல் தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட நூலகமாகத் தொடங்கி 2018ல் தனி நிறுவனமானது. 1984 செப்டம்பரில் அங்கே தீப்பற்றி வெளிநாட்டுப் படங்கள் பல போயின. அதன் பின் 1986ல் சகாமிஹாராவில் சேமிப்பகம் கட்டப்பட்டது. வசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம், ஷோச்சிக்கு கம்பெனியின் ஒதானி நூலகம் என்று மற்றவையும் டோக்கியோவிலேயே உண்டு. மமோரு மகினோ என்ற ஆய்வாளர் வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகக் கடைகளில் தேடிச் சேர்த்த இதழ்கள், துண்டறிக்கைகள், கம்பெனித் தாள்களின் பெரும் தொகுப்பு இன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஜப்பானிய சினிமாவை ஆராய நியூயார்க் போக வேண்டியிருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஒரு நூலகமும் பொருட்படுத்தாத காகிதங்களைத் தனிமனிதர் சேர்த்தால் அவை எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போகும்.

பிழைப்பு எப்படி? ரிச்சியின் காலத்தில் பத்திரிகைப் பத்தி, சப்டைட்டில், சொற்பொழிவு, விழாத் தேர்வு எல்லாம் சேர்த்துத்தான் ஒரு வருமானம். ஜப்பானிலும் அப்படியே: நான்கு தொகுதிகளில் ஜப்பானிய சினிமா வரலாறு எழுதிய தடாவோ சாட்டோ ரயில்வேயிலும் தொலைபேசித் துறையிலும் தொழிலாளியாக இருந்தவர், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். கேரளத்தின் அரவிந்தன் எடுத்த 'கும்மாட்டி'யை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். இன்று நுழைவாயில் முனைவர் பட்டம். அதற்கு முன் மொழி. ஆங்கிலம் பேசுபவருக்கு 2,200 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அமெரிக்க வெளியுறவுப் பயிற்சியகத்தின் கணக்கு. தமிழ் பேசுபவருக்கு வாக்கிய அமைப்பில் பெரிய தடை இல்லை: வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின் ஒட்டும். சுவர் எழுத்தில்தான் இருக்கிறது. கான்ஜி எனப்படும் சீன எழுத்துகளில் பொதுப் பயன்பாட்டுக்கானவை மட்டும் 2,136. சென்னையிலேயே எழுதக்கூடிய ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்சநிலையான என்1 தேறினாலும் போருக்கு முந்தைய பத்திரிகையைத் திறந்தால் தடுமாற்றம்தான். 1946 சீர்திருத்தத்துக்கு முன் எழுத்து வடிவம் வேறு, எழுத்துக்கூட்டலும் வேறு. 'இன்று' என்பதற்கான 'கியோ' என்ற சொல் அங்கே 'கெஃபு' என்று எழுதப்பட்டிருக்கும். இதற்குத் தனியாக ஓராண்டாவது ஒதுக்க வேண்டும். ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையும் ஜப்பான் ஃபவுண்டேஷனின் ஆய்வு நிதியும்தான் இந்தியாவிலிருந்து போவோருக்கு வழக்கமான வழிகள். விண்ணப்பத்தில் 'குரோசாவாவின் மனிதநேயம்' என்று எழுதுபவரைவிட, எந்தக் காப்பகத்தில் எந்த ஆண்டுகளின் எந்த ஆவணத்தைப் படிக்கப் போகிறேன் என்று எழுதுபவரின் திட்டம் கனமாக இருக்கும்.

செய்யாமல் கிடக்கும் வேலையும் நிறைய. போருக்கு முன் ஜப்பானில், ஓடி முடித்த படங்களின் பிரதிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வீட்டில் கையால் சுழற்றும் பொம்மை புரொஜெக்டருக்காகக் கடைகளில் விற்றார்கள். சில துண்டுகள் அரை நிமிடம், சில இரண்டு மூன்று நிமிடம், பெரும்பாலும் வாள்சண்டை. முழுப் படம் அழிந்த பிறகு அதன் ஒரே மிச்சம் இந்தத் துண்டுதான் என்பது பலமுறை நடந்திருக்கிறது. 2015ல் கியோட்டோவில் தொடங்கிய பொம்மைப்படக் காட்சியகம் இவற்றைச் சேர்க்கிறது. பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்ப முடியாது. விற்பனைக்காக எதையாவது ஒட்டியிருப்பார்கள். நடிகரின் முகம், கிமோனோவில் உள்ள குலச்சின்னம், இடையெழுத்து அட்டையின் எழுத்து வடிவம், சுருளின் ஓரத்தில் தயாரிப்பாளர் அச்சிட்ட குறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆண்டைக் குறுக்கி, அந்த ஆண்டின் 'கினெமா ஜும்போ' ஸ்டில்களோடு ஒப்பிட்டு, அது இன்ன படம் என்று உறுதிசெய்ய ஒருவருக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். கிடைப்பது ஓடும் நேரத்தில் நாற்பது நொடி.